குளிர வெச்சதால புள்ளைக்கு கிருமி தொத்துமா?

கேள்வி: வணக்கம் டாக்டர் அம்மா. என் தங்கச்சிக்கு குடியாத்தத்துல பிரசவம் ஆச்சு, புள்ள பொறந்ததும் அழவேயில்ல, மூச்சுத் தெணறி 108-ல வேலூருக்கு கொண்டாந்தோம். அங்க மூணு நாள் உடம்ப குளிர வெச்சு வைத்தியம் பாத்தாங்க. இப்ப வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆவுது, பால் குடிக்கிறான். ஆனா பச்சப்புள்ளய ஜில்லுனு வெச்சா சளி கட்டி கிருமி பூந்துக்கும்னு எங்க ஆயா தெனமும் அழுவுறாங்க. ஆன்டிபயாட்டிக் ஊசி வேற போட்டாங்களே, அப்ப நெஜமாவே கிருமி இருந்துச்சா?
– தாய்மாமன், குடியாத்தம்

பதில்: தம்பி, ஊசி போட்டாங்கன்றதால கிருமி இருந்துச்சுன்னு அர்த்தம் இல்ல. பொறந்தப்ப மூளைக்கு ஆக்சிஜன் பத்தாமப் போன புள்ளைக்கு அடுத்த சில மணி நேரத்துல ரெண்டாவது தடவ மூளை செல்லுங்க சாவ ஆரம்பிக்கும், அத தடுக்கத்தான் 6 மணி நேரத்துக்குள்ள உடம்பு சூட்ட 33, 34 டிகிரிக்கு எறக்கி 72 மணி நேரம் வெச்சிருந்து அப்புறம் மணிக்கு அரை டிகிரி மாதிரி மெதுவா ஏத்துவாங்க. வேலூர் சி.எம்.சி.ல இதுக்காக கரண்ட் செலவில்லாத, உருகி உறையற பொருள் வெச்ச மெத்தையே உருவாக்க ஒத்துழைச்சிருக்காங்க.

குளிர்ல சளி வரும்ன்றது ஆயாவோட பயம், சளி வைரஸால வர்றது. ஆனா அவங்க கவலைய தள்ளிடவும் முடியாது, குளிர்ல வெள்ளணுக்கள் கொஞ்சம் மந்தமாத்தான் வேல செய்யும். ஆராய்ச்சிகள ஒண்ணா சேத்து பாத்தப்ப குளிர வெச்ச புள்ளைங்களுக்கு கிருமித் தொற்று பெருசா கூடல. உண்மையான சிக்கல் வேற எடத்துல இருக்கு. மெஷின் சூட்ட பிடிச்சு வெச்சிருக்கறதால ஜுரம் வெளிய தெரியாது, கிருமித் தொற்று இருக்கான்னு பாக்கற சி.ஆர்.பி. ரத்த டெஸ்டும் லேட்டாத்தான் ஏறும், சில சமயம் கிருமி இல்லாமலே ஏறும். அதோட தாய்க்கு ஜுரமோ, பனிக்குடம் முன்னாடியே ஒடஞ்சிருந்தாலோ அந்த கிருமியாலகூட புள்ள அழாம பொறக்கலாம், பாக்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். அதான் ரத்தத்த கல்ச்சருக்கு, அதாவது கிருமி வளருதான்னு பாக்கற டெஸ்டுக்கு, அனுப்பிட்டு ஊசிய முன்கூட்டியே போட்டுடுவாங்க, கிருமி வளரலன்னா நிறுத்திடுவாங்க. டிஸ்சார்ஜ் சீட்டுல கல்ச்சர் ரிசல்ட் இருக்கும் பாருங்க.

ஒண்ண மறைக்க மனசு வரல. 2021-ல வந்த ஒரு ஆய்வு, இந்தியா, இலங்கை, வங்கதேசத்துல 408 புள்ளைங்கள வெச்சு பண்ணது, அதுல குளிர வெச்சவங்கள்ல சாவு அதிகமா இருந்துச்சு, நம்மள மாதிரி நாடுங்கள்ல இத பண்ண வேணாம்னே அவங்க எழுதினாங்க. எல்லா டாக்டரும் ஒத்துக்கல, இன்னும் பேச்சு நடக்குது. உங்க மருமகன் அந்த கட்டத்த தாண்டி வீட்டுக்கு வந்துட்டான்றது எனக்கே சந்தோஷமா இருக்கு.

இப்ப பாக்கவேண்டியது, பால் குடிக்காம தூங்கிட்டே இருந்தா, நிமிஷத்துக்கு 60-க்கு மேல மூச்சு வாங்கினா, உடம்பு சுட்டாலும் சில்லிட்டாலும், வலிப்பு வந்தாலும், தொப்புள் செவந்து சீழ் வந்தாலும் நாளைக்கு பாக்கலாம்னு இருக்காம அப்பவே கூட்டிட்டு போங்க. தொப்புள்ல சாம்பல், எண்ணெய் எதுவும் வெக்க வேணாம். கைய சோப்பு போட்டு கழுவிட்டுதான் தொடணும், தாய்ப்பால் மட்டும் போதும். ஆயா கையில குடுத்து வெதுவெதுப்பா நெஞ்சோட அணைச்சு வெச்சுக்க சொல்லுங்க, தாராளமா செய்யலாம். சீட்டுல போட்ட தேதிக்கு செக்கப் போறத மட்டும் விட்டுடாதீங்க, காது கேக்குதா, கழுத்து நிக்குதான்னு பாக்க வேண்டியது இனிமேதான் இருக்கு.