கார்டு நம்பர் கேட்காத தளங்கள்

கேள்வி: இலவசம் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் கார்டு நம்பர் கேட்கும் தளங்களைப் பார்த்துச் சலித்துவிட்டது. உண்மையிலேயே காசில்லாமல் படம் திருத்த ஏதாவது இருக்கிறதா?

பதில்: போட்டோபீ. யாராவது அனுப்பிய பிஎஸ்டி கோப்பு (போட்டோஷாப்பில் செய்த படம்) உங்கள் கணினியில் திறக்கவில்லை என்றால் அதை அப்படியே இந்தத் தளத்தில் இழுத்துப் போடுங்கள், லேயர்கள் (படத்தின் அடுக்குகள்) எல்லாம் பிரிந்தபடியே வந்து நிற்கும். கணக்குத் தொடங்க வேண்டாம். வேலை பிரவுசருக்குள்ளேயே நடப்பதால் படம் அவர்களுடைய சர்வருக்குப் போவதில்லை, எனக்கு இதுதான் பெரிய விஷயம். ஓரத்தில் விளம்பரம் வரும், அவ்வளவுதான்.

கேள்வி: நான் விரும்பிப் படித்த தளம் ஒன்றை மூடிவிட்டார்கள். அதிலிருந்த கட்டுரைகள் போனது போனதுதானா?

பதில்: அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். 1996-ல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் வேபேக் மெஷினில் பழைய முகவரியை ஒட்டிப் பாருங்கள். காலண்டர் ஒன்று விரியும், பக்கத்தைச் சேமித்த நாள்களில் வட்டம் இருக்கும், அதை அழுத்தினால் அன்றைக்கு இருந்தபடியே பக்கம் திறக்கும். சில படங்கள் மட்டும் வராமல் போகலாம். இன்றைக்கு இருக்கும் பக்கத்தை நீங்களே சேமிக்கவும் அதில் வசதி உண்டு, பிடித்த கட்டுரைகளுக்கு இப்போதே செய்துவிடுங்கள்.

கேள்வி: சும்மா பொழுதுபோக்க?

பதில்: ரேடியோ கார்டன். பூமி உருண்டையைச் சுழற்றி ஒரு பச்சைப் புள்ளியில் நிறுத்தினால் அந்த ஊர் வானொலி நேரடியாகக் கேட்கும். மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை, கேளுங்கள்.