ஜனவரியிலிருந்து பொட்டு மட்டும் போதுமா?

வணக்கம் மேடம்.

எனக்கு 47 வயது. டெல்டா பக்கம் ஒரு சின்ன ஊரில், கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். கணவருக்கு உரக்கடை. மகள் கோவையில் கல்லூரி மூன்றாம் வருஷம். கஷ்டம் என்று சொல்லிக்கொள்ள வீட்டில் எதுவும் இல்லை. அதனாலேயே இதை யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. "இதெல்லாம் ஒரு பிரச்சினையா?" என்று கேட்டுவிடுவார்கள்.

கார்த்திகையில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். அத்தை என்ற முறையில் முன்னால் நிற்க வேண்டியவள் நான். இரண்டு நாள் முன்பு தலைக்கு டை அடித்தேன். ஏழெட்டு வருஷமாக அடிக்கிறதுதான். மறுநாள் காலையில் நெற்றி ஓரமும் காது மடலும் தடித்து, கண் இமை வீங்கி, அரிப்பு தாங்க முடியவில்லை. ஊசி, மாத்திரை எல்லாம் ஆகி முகூர்த்தத்துக்குள் ஓரளவு வடிந்தது. நெற்றியில் கறுப்புத் திட்டு மட்டும் நின்றுவிட்டது. பவுடர் போட்டு மறைத்துக்கொண்டு போனேன்.

அன்று ராத்திரி, அண்ணன் மகன் பந்தியில் கை நீட்டி எடுத்த செல்ஃபி குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. ஏழு பேர், ஓரத்தில் நான். பெரிதாக்கிப் பார்த்தேன். கன்னம் இறங்கி, மூக்கு அகன்று, கழுத்து கறுத்து, யாரோ ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அதற்குக் கீழே ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி, "என்னக்கா இப்படி ஆயிட்டீங்க, உடம்பு சரியில்லையா?" என்று எழுதியிருந்தாள். அக்கறையாகத்தான் கேட்டாள், தெரியும். அந்த ஒரு வரியை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. கல்யாண ஆல்பம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நான் இன்னும் பிரிக்கவில்லை.

சின்ன வயதிலிருந்தே நான் கறுப்பு. அக்கா நல்ல சிவப்பு. "சின்னவ கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்வார்கள். பெண் பார்க்க வந்தபோது மாமியாரும் அதையேதான் சொன்னார். துணி எடுக்கப் போனால், "உனக்கு இந்தக் கலர் எடுக்காது" என்று எனக்கு முன்பே யாராவது தள்ளிவிடுவார்கள். சந்தனம், சாம்பல், வெளிர் நீலம், இதுதான் என் கலர் என்று ஆகிவிட்டது. ஆறு வருஷம் முன்பு காரைக்குடிக்கு ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போனபோது மட்டும், போனஸ் பணத்தில் நானாக ஒரு கண்டாங்கி எடுத்தேன். மாம்பழ மஞ்சளில் கட்டம், அரக்கு பார்டர். வீட்டில் பிரித்துக் காட்டியபோது நாத்தனார், "அண்ணி, இது உங்களுக்கா?" என்று கேட்டாள். அன்றைக்கு மடித்து வைத்ததுதான்.

இப்போது மார்கழி பிறந்திருக்கிறது. எங்கள் தெரு முனையில் பெருமாள் கோயில். விடியற்காலை ஸ்பீக்கரில் திருப்பாவை போடுகிறார்கள். இரண்டாம் நாள், "மையிட்டெழுதோம் மலரிட்டு நாம் முடியோம்" என்று கேட்டதும் மனசுக்குள் ஏதோ தீர்ந்த மாதிரி இருந்தது. சரி, ஜனவரி ஒன்றிலிருந்து டை, பவுடர், மை, பூ, பளிச்சென்ற சேலை எதுவும் வேண்டாம், பொட்டு மட்டும் போதும் என்று முடிவு செய்துவிட்டேன். பட்டுச் சேலைகளை அக்கா மகள்களுக்குக் கொடுக்க மூட்டை கட்டியாயிற்று. பீரோ கண்ணாடியில் வருஷக்கணக்காக ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டுகளை நகத்தால் சுரண்டி எடுத்தேன். பசை மட்டும் வட்டம் வட்டமாக நிற்கிறது. இப்போதெல்லாம் கண்ணாடி பார்க்காமலேயே தலை வாரப் பழகிவிட்டேன்.

மகள், "சூப்பர்மா, வெள்ளை முடிதான் கெத்து" என்கிறாள். கணவர், "உன் இஷ்டம்" என்கிறார். இது பக்குவமா மேடம், இல்லை தோற்றுப்போய் ஒதுங்குகிறேனா? எனக்கே தெரியவில்லை.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

ஆலோசகரின் பதில்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் பட்டியலில் ஐந்து பொருள் இருக்கிறது. அதிலிருந்து முதலில் டையை வெளியே எடுத்துவிடுகிறேன். அது பக்குவமா தோல்வியா என்ற கேள்வியே அதற்குப் பொருந்தாது, அது மருத்துவ விஷயம். தலைமுடிச் சாயங்களில் பெரும்பாலும் பிபிடி எனப்படும் பாராஃபினிலீன்டையமின் இருக்கிறது. சாயத்தால் வரும் ஒவ்வாமைக்கு அதுதான் முக்கியமான காரணம். ஏழெட்டு வருஷம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டுத் திடீரென்று ஒரு நாள் ஒத்துக்கொள்ளாமல் போவது இதில் சாதாரணம். ஒருமுறை இப்படி வீங்கியவருக்கு அடுத்த முறை இன்னும் கடுமையாக வரலாம், மூச்சுத்திணறல் வரைகூடப் போகலாம். அதனால் வேறு கம்பெனி பாக்கெட்டை வாங்கிச் சோதித்துப் பார்க்காதீர்கள். "அம்மோனியா இல்லாதது" என்று அட்டையில் போட்டிருந்தால் பிபிடி இல்லை என்று அர்த்தம் ஆகாது. கறுப்பு மருதாணி என்று விற்பதிலும் அது கலந்திருக்கலாம், ஏனென்றால் வெறும் மருதாணி செம்பட்டையாகத்தான் பிடிக்கும். பழைய அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். முதுகில் மருந்துப் பட்டை ஒட்டி 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, எது ஆகாது என்று சொல்லிவிடுவார்கள். நெற்றித் திட்டு மெல்ல மங்கும். அதற்கு யாரோ சொன்னார்கள் என்று மெடிக்கலில் க்ரீம் வாங்கித் தடவ வேண்டாம், அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும்.

கழுத்து கறுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பின்கழுத்தில் தோல் சற்றுத் தடித்து, வெல்வெட் துணி மாதிரி கறுத்திருந்தால் அது அழுக்கும் இல்லை, நிறமும் இல்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது ஒரு அடையாளமாக இருக்கலாம். சர்க்கரை, தைராய்டு, ரத்தத்தில் ஹீமோகுளோபின், மூன்றையும் பார்த்துவிடுங்கள். மாதவிடாய் நிற்கப்போகும் வயதும் இதுதான். மனசின் பாரத்தில் பாதி உடம்பிலிருந்து வருவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி அந்தப் படம். நீங்கள் அழகாகத்தான் இருக்கிறீர்கள் என்று நான் எழுத மாட்டேன். உங்களை நான் பார்த்ததில்லை, அப்படி எழுதினால் நீங்களும் நம்ப மாட்டீர்கள். ஆனால் அந்த செல்ஃபியில் இருப்பது உங்கள் முகத்தின் சரியான அளவு இல்லை என்பதை உறுதியாகச் சொல்வேன். ஒரு அடி தூரத்திலிருந்து எடுத்தால், ஐந்து அடியிலிருந்து எடுப்பதைவிட மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அதோடு, செல்போனின் அகலக் கோண லென்ஸில் ஓரத்தில் இருப்பவர்களின் முகம் பக்கவாட்டில் இழுபடும். ஏழு பேரில் நீங்கள் ஓரம். இன்னொன்றும் உண்டு. கண்ணாடியில் நாம் பார்ப்பது இடம் வலம் மாறிய முகம். நமக்கு அதுதான் பழக்கம், அதுதான் பிடிக்கும். நம்மைச் சுற்றி இருப்பவர்களுக்கோ மாறாத முகம்தான் பிடித்திருக்கிறது. 1977-லேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். படத்தில் நம்மைப் பார்க்கும்போது "யாரோ மாதிரி" என்று தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் தங்கை எழுதிய வரியை நானும் இரண்டு மூன்று முறை படித்தேன். அதில் முதல் பாதியை மட்டும் நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டாம் பாதியில் அவள் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறாள். அந்த வாரம் இமை வீங்கி, ஊசி போட்டு, மாத்திரையோடு பந்தியில் உட்கார்ந்திருந்தீர்கள். உடம்பு நிஜமாகவே சரியில்லை. அவள் கண்ணில் பட்டது அதுதான். அவளுக்கு ஒரு போன் போட்டு நடந்ததைச் சொல்லுங்களேன்.

ஆனால் உங்களை நோகடித்தது இந்தப் படம் மட்டும் இல்லை. "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா." இந்த வாக்கியத்தைக் கேட்காமல் வளர்ந்த கறுத்த பெண் நம் ஊரில் இருக்கிறாளா என்று தெரியவில்லை. பாராட்டு மாதிரிதான் இருக்கும், கேட்ட குழந்தையும் சிரிக்கும். ஆனால் அந்த "இருந்தாலும்" என்ற சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். உன் நிறம் ஒரு குற்றம், ஏதோ போகட்டும் என்று மன்னித்திருக்கிறோம் என்று அது சொல்லும். மன்னிப்பு கிடைத்த காரணம் களை, அதாவது இளமை. 47 வயதில் அந்தக் களை போய்விட்டதாகத் தோன்றும்போது, மன்னிப்பும் போய்விட்டது என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது. வயதாவதற்கு எல்லோரும்தான் வருந்துகிறார்கள். நீங்கள் பிடிபட்டவர் மாதிரி ஒளிகிறீர்கள். கண்ணாடியைப் பார்க்காமல் தலை வாருவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

நீங்கள் வளர்ந்த காலமும் அப்படி. 1975-ல் இந்தியச் சந்தைக்கு வந்த ஒரு சிவப்பழகு க்ரீமின் விளம்பரம், கறுத்த பெண்ணுக்கு வேலையும் இல்லை வரனும் இல்லை என்று வருஷக்கணக்காக வீட்டுக்குள் வந்து சொல்லிக்கொண்டிருந்தது. பெயரிலிருந்து சிவப்பைக் குறிக்கும் சொல்லை எடுக்க 2020 வரை ஆனது. துணிக்கடையில் உங்கள் கையிலிருந்து மஞ்சளைத் தள்ளிவிட்டவர்களும் இதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான். அதற்காக அவர்கள் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. எது எடுக்கும், எது எடுக்காது என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. உங்கள் சேலைக்குச் சம்மதம் சொல்ல வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான். அதை ஒரே ஒரு முறை, காரைக்குடியில் செய்திருக்கிறீர்கள்.

இப்போது உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். டை போகட்டும். பவுடரும் போகட்டும், அதனால் என்ன. ஆனால் பூ எப்படி அந்தப் பட்டியலுக்குள் வந்தது? பூவைப் பற்றி உங்களை யாரும் எதுவும் சொல்லவில்லையே. வெள்ளை முடிக்கும் மல்லிகைக்கும் என்ன விரோதம்? அங்கேதான் எனக்கு உறுத்தியது. நம் ஊரில் பூவையும் கலரையும் விடச் சொல்லிப் பெண்களைக் கட்டாயப்படுத்திய காலம் ஒன்று இருந்தது, இன்னும் முழுசாகப் போகவில்லை. அதனால் ஒரு பெண் தானாகவே பூ வேண்டாம் என்று சொன்னால், நான் ஒன்றுக்கு இரண்டு முறை கேட்பேன். பிடிக்காமல் விடுகிறீர்களா, தண்டனையாக விடுகிறீர்களா?

நீங்கள் கேட்ட அந்த இரண்டாம் பாசுரம் ஒரு நோன்பின் தொடக்கம். மை வேண்டாம், பூ வேண்டாம் என்பதோடு "நெய்யுண்ணோம் பாலுண்ணோம்" என்றும் நோன்பிருக்கும் ஆயர்பாடிப் பெண்கள் சொல்கிறார்கள். யாரோ முகத்தைப் பழித்ததால் எடுத்த முடிவு இல்லை அது. நோன்புக்கு நாளும் உண்டு, முடிவும் உண்டு. இருபதாம் பாசுரத்தில் அந்தப் பெண்களே கண்ணனின் துணைவி நப்பின்னையிடம் "உக்கமும் தட்டொளியும்" கேட்கிறார்கள். உக்கம் விசிறி, தட்டொளி கண்ணாடி. இருபத்தேழாம் நாள் வந்ததும் சூடகம், தோள்வளை, தோடு, செவிப்பூ, பாடகம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, "பல்கலனும் யாமணிவோம், ஆடையுடுப்போம்" என்கிறார்கள். விட்ட நெய், முழங்கை வழிய ஒழுகும் பால்சோற்றில் திரும்பி வருகிறது. எல்லோருமாகக் கூடியிருந்து குளிர்கிறார்கள். உங்கள் தெருக் கோயிலில் ஜனவரி 11 வாக்கில் கூடாரவல்லிக்கு அக்காரவடிசல் கொடுப்பார்கள், அந்த நாள்தான் அது. நீங்கள் பாட்டின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, முடிவு நாளே இல்லாத நோன்பாக, தனியாக இருக்கப் பார்க்கிறீர்கள்.

அதனால் ஜனவரி ஒன்று வேண்டாம். கூடாரவல்லி வரை எந்த முடிவும் எடுக்காதீர்கள். அதுவரை மூட்டை அப்படியே வீட்டில் இருக்கட்டும். ஆல்பத்தை மகள் விடுமுறைக்கு வரும்போது அவளோடு உட்கார்ந்து பிரியுங்கள். முதலில் மணப்பெண்ணைப் பாருங்கள், அப்புறம் உங்கள் அண்ணனை. உங்கள் முகத்தைத் தேடிப் போகாதீர்கள், வரும்போது வரட்டும். அவள் "கெத்து" என்று சொல்வது அன்பில்தான். ஆனால் உங்களுக்கு வலித்தது என்பது அவளுக்குத் தெரியாது. சொல்லுங்கள். முடியை அதன் போக்கில் விடுவதானால், மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வெள்ளை இறங்கி வரும், இரண்டு நிறமாக இருக்கும் காலம் நீளமானது. பொறுமை இல்லையென்றால் கொஞ்சம் குட்டையாக வெட்டிக்கொள்ளலாம். அது உங்கள் வசதி. அக்கா மகள்களுக்குச் சேலை கொடுப்பதும் நல்ல விஷயம்தான், ஆனால் கொடுக்கும் அன்று உங்களுக்கு மனசு நிறைய வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்க வேண்டாம். தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் குறைந்திருந்தால், முன்பு பிடித்தது எதுவும் இப்போது பிடிக்கவில்லை என்றால், இல்லை நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் முகத்தைப் பற்றிய நினைப்பே ஓடிக்கொண்டிருந்தால், மனநல மருத்துவரை நேரில் பார்த்துவிடுங்கள். ஊரில் வசதி இல்லையென்றால் அரசின் டெலி மானஸ் எண் 14416-க்கு எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

கடைசியாக, மூட்டைக்குள் பட்டுச் சேலைகள் போயிருப்பதாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். கண்டாங்கியை அதில் வைத்ததாக எங்கும் இல்லை. அது இன்னும் பீரோவில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆறு வருஷமாக ஒரே மடிப்பில் இருக்கும் பருத்தி, மடிப்பு ஓரத்தில் நைந்துபோகும். இந்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துப் பிரியுங்கள். பாச்சை உருண்டை வாசனை போக ஒரு முழுநாள் நிழலில் கொடியில் கிடக்கட்டும், பிறகு வேறு மடிப்பாக மடியுங்கள். கட்டிக்கொள்வதைப் பற்றி அப்புறம் எழுதுங்கள்.