ஹாமில்டன் கவுண்டி: முகவரியில் லாங் லேக், கேபின் ராக்கெட் லேக்கில்?

நியூயார்க் மாநிலத்து ஹாமில்டன் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) எடுத்த கேபினின் வாடகை ஒப்பந்தத்தில் 'டவுன் ஆஃப் லாங் லேக்' என்றும், கேபின்காரர் ராக்கெட் லேக் என்றும் சொல்வதாகக் கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரிதான். அங்கே 'டவுன்' என்பது நம்மூர் ஊராட்சி ஒன்றியம் மாதிரி, பெரிய பரப்பு, ஊர் அல்ல. ராக்கெட் லேக், லாங் லேக் டவுனுக்குள் இருக்கும் ஒரு குடியிருப்பு. ஜிபிஎஸ்ஸில் வெறும் 'லாங் லேக்' என்று போட்டால் அதே பெயருள்ள வேறு குடியிருப்பில் கொண்டுபோய் நிறுத்தும். அங்கிருந்து ராக்கெட் லேக்குக்கு நடுவில் குறுக்குவழி கிடையாது, காடும் ஏரியும்தான். 30-ஆம் சாலையில் தெற்கே ப்ளூ மவுண்டன் லேக் வரை இறங்கி, 28-ஆம் சாலையில் மேற்கே திரும்ப வேண்டும். சுமார் 40 கி.மீ. சுற்று. ப்ளூ மவுண்டன் லேக்கும் இதே கதைதான், அது இண்டியன் லேக் டவுனைச் சேர்ந்தது.

மாநிலத் தலைநகர் ஆல்பனியிலிருந்து வடக்கே ஐ-87 நெடுஞ்சாலையில் போய், வாரன்ஸ்பர்க்குக்கான 23-ஆம் வெளியேற்றத்தில் இறங்கி, வாரன்ஸ்பர்க் தாண்டி 28-ஐப் பிடித்தால் நார்த் க்ரீக், இண்டியன் லேக் வழியாக நேராகப் போய்விடலாம். பெட்ரோலையும் மளிகையையும் வாரன்ஸ்பர்க்கிலேயே முடித்துக்கொள்ளுங்கள். கவுண்டி முழுக்க 2020 கணக்கெடுப்பில் 5,107 பேர்தான், கடைகளும் அந்த அளவுக்குத்தான். செல்பேசி சிக்னல் பல இடங்களில் அறுந்துபோகும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். அந்தி சாய்ந்தபின் சாலையில் மான் குறுக்கிடும், வேகம் வேண்டாம்.

தேதி மாற்ற முடியுமென்றால் மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை தவிருங்கள். அப்போது கடிக்கும் கறுப்பு ஈ காதுமடலைக்கூட விடாது.