எதிராளி இல்லாத மேசை

கேள்வி: வாரத்தில் மூன்று மாலை கிளப்பில் ஸ்னூக்கர் ஆடுகிறேன். கூட ஆடிவந்த நண்பர் வேலை மாற்றலாகிப் போய்விட்டதால் இப்போது தனியாகத்தான் பயிற்சி. இரண்டு மணி நேரத்துக்கு மேசையை எடுத்துக்கொள்கிறேன். அரை மணியிலேயே அலுப்புத் தட்டிவிடுகிறது. பதினைந்து சிவப்புப் பந்துகளையும் மேசையின் நடுவே வரிசையாக வைத்து ஆடும் லைன்-அப் பயிற்சியைத்தான் பெரும்பாலும் செய்கிறேன். என் பிரேக், அதாவது தவறவிடாமல் ஒரே தொடராக எடுக்கும் புள்ளிகள், முப்பதைத் தாண்டுவது அபூர்வம். அலுக்காமல் தனியாகப் பயில வழி உண்டா? புதிய கியூ (பந்தை அடிக்கும் கோல்) வாங்கினால் ஆர்வம் திரும்புமா?

பதில்: உங்கள் அலுப்புக்குத் தனிமையைக் குற்றம் சொல்ல மாட்டேன். நண்பரோடு ஆடும்போது ஒரு பந்தைத் தவறவிட்டால் நாற்காலியில் போய் உட்கார வேண்டும். அவர் மேசைக்கு வருவார். தனியாக ஆடும்போது தவறவிட்டால் என்ன ஆகிறது? ஒன்றும் ஆவதில்லை. வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்து, பிடித்த இடத்தில் வைத்து, மறுபடி அடிக்கிறீர்கள். தவறுக்கு விலை இல்லாத ஆட்டம் யாருக்கும் அரை மணிக்கு மேல் தாங்காது. ஆகவே ஒவ்வொரு அடிக்கும் ஒரு விலை வைப்பதுதான் நீங்கள் செய்ய வேண்டிய வேலை.

முதலில் அந்த லைன்-அப்பைச் சில மாதங்களுக்கு மூட்டை கட்டி வையுங்கள். அது கெட்ட பயிற்சி அல்ல. பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். ஆனால் முப்பது பிரேக் எடுப்பவர் நான்காவது, ஐந்தாவது சிவப்பில் தடுமாறிவிடுவார். பிறகு விழுந்த பந்துகளைப் பொறுக்கி, வரிசையை நேராக்கி, வண்ணப் பந்துகளை மேசையில் அவற்றுக்கெனக் குறித்த புள்ளியில் வைத்து மீண்டும் தொடங்க வேண்டும். உங்கள் இரண்டு மணி நேரத்தில் எவ்வளவு நேரம் பந்து அடுக்குவதில் போகிறது என்று ஒருநாள் கடிகாரம் பார்த்துக் கணக்கிட்டால், அலுப்பில் பாதிக்குக் காரணம் புரிந்துவிடும். மேசையில் பந்து குறைய வேண்டும். ஒவ்வொரு பந்துக்கும் மதிப்புக் கூட வேண்டும்.

நேரத்தையும் குறையுங்கள். முழு மனதோடு ஆடும் ஒன்றேகால் மணி நேரம் போதும்.

தொடக்கத்துக்கு ஐந்து நிமிடம், பந்தே போடாத ஒரு பயிற்சி. மேசையைக் காலி செய்துவிட்டு, வெள்ளைப் பந்தைப் பழுப்புப் பந்தின் புள்ளியில் வையுங்கள். நீலம், இளஞ்சிவப்பு, கறுப்புப் புள்ளிகளின் மேலாக உருண்டு, எதிர்க் குஷனில் (மேசையின் ரப்பர் விளிம்பில்) பட்டு, அதே வழியில் திரும்பி வந்து உங்கள் கியூ முனையைத் தொட வேண்டும். போகும்போதே புள்ளிகளை விட்டு விலகினால் குறி பிசகியிருக்கிறது. புள்ளிகளின் மேல் சரியாகப் போய், குஷனில் பட்ட பிறகு வலப்பக்கம் ஒதுங்கினால், பந்தின் நடுவில் அடிப்பதாக நினைத்துக்கொண்டு வலப்பக்கம் அடித்திருக்கிறீர்கள். பத்து முறை அடித்து, முனையைத் தொட்டவற்றை மட்டும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வேண்டாம். இது மருந்துபோல் அளவோடு இருக்க வேண்டிய பயிற்சி.

அடுத்தது நீலப் பந்து. அதை நடுப்புள்ளியில் வைத்து, ஒரு மூலைப் பாக்கெட்டுக்கும் எதிர்மூலைப் பாக்கெட்டுக்கும் இடையிலான நேர்கோட்டில், இரண்டு மூன்றடி பின்னால் வெள்ளையை வையுங்கள். நீலம் மூலைக்குப் போக வேண்டும். நீலம் இருந்த இடத்திலேயே வெள்ளை நின்றால் ஸ்டன். அதைத் தொடர்ந்து ஓரடி முன்னே போனால் ஃபாலோ. உங்களை நோக்கித் திரும்பி வந்தால் ஸ்க்ரூ. பலரும் இருபது ஸ்டன், இருபது ஸ்க்ரூ என்று ஒரே அடியை வரிசையாக அடிப்பார்கள். அங்கேதான் தூக்கம் வருகிறது. சட்டைப் பையில் ஒரு பகடைக்காய் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அல்லது இரண்டு விழுந்தால் ஸ்டன், மூன்று நான்குக்கு ஃபாலோ, ஐந்து ஆறுக்கு ஸ்க்ரூ. என்ன அடிக்கப்போகிறோம் என்பதே ஒவ்வொரு முறையும் பகடையைப் பார்த்த பிறகுதான் தெரியும். பந்து விழுந்து, வெள்ளையும் சொன்னபடி கேட்டால் இரண்டு புள்ளி. பந்து மட்டும் விழுந்தால் ஒன்று.

பகடையை விளையாட்டுக்காக மட்டும் சொல்லவில்லை. 1979-ல் ஷே, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் கையசைவுகளைக் கற்றுக்கொள்வது பற்றி ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தவர்கள் பயிற்சியின்போது வேகமாகத் தேறினார்கள். பல அசைவுகளைக் கலந்து செய்தவர்கள் தடுமாறினார்கள். நாட்கள் கழித்து மீண்டும் சோதித்தபோது, கலந்து பயின்றவர்களே மேலாகச் செய்தார்கள். ஆகவே பகடை வந்த முதல் வாரத்தில் உங்கள் எண்கள் இறங்கினால் பதற வேண்டாம். ஆட்டத்திலும் ஒரே அடி இருபது முறை தொடர்ந்து வருவதில்லையே.

நீலம் தவறும்போது வெள்ளையையும் பாருங்கள். நேர் அடியில் நீலம் பாக்கெட்டின் இடப்பக்கம் பட்டுத் திரும்பினால், வெள்ளை சற்று வலப்பக்கம் விலகியிருக்கும். எப்போதும் ஒரே பக்கம்தான் தவறுகிறது என்றால் அது கைத்தவறல்ல, நிற்கும் முறையிலோ பார்வையிலோ உள்ள பழக்கம். கைபேசியைக் குஷனுக்குப் பின்னால் கியூவுக்கு நேராக நிறுத்திப் பத்து அடிகளைப் படம் பிடித்தால், முழங்கை விலகுவதும் தலை நிமிர்வதும் அப்பட்டமாகத் தெரியும். பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும்.

இனி எதிராளிக்கு வருவோம். கண்ணுக்குத் தெரியாத ஒருவரோடு ஆடச் சொல்கிறேன், விதிகள் எளியவை. வண்ணப் பந்துகள் தத்தம் புள்ளிகளில். மூன்றே மூன்று சிவப்புகளை, இளஞ்சிவப்புக்கும் கறுப்புக்கும் அக்கம்பக்கத்தில் திறந்த இடங்களில் கையால் உருட்டிவிடுங்கள். முதல் அடிக்கு மட்டும் வெள்ளையை விரும்பிய இடத்தில் வைக்கலாம். நீங்கள் தவறவிட்ட கணமே ஆட்டம் முடிந்தது: அந்த நேரத்தில் மேசையில் எடுக்கக்கூடிய அதிகபட்சப் புள்ளிகள் முழுதும் எதிராளிக்கு. அவர் தவறே செய்யாதவர்.

கணக்கைப் பாருங்கள், இதில்தான் சுவை. ஒவ்வொரு சிவப்புக்கும் பிறகு ஒரு வண்ணம். சிவப்பு தீர்ந்ததும் வண்ணங்கள் மஞ்சளிலிருந்து கறுப்பு வரை வரிசையாக. சிவப்புக்கு 1, மஞ்சளுக்கு 2, பச்சைக்கு 3, பழுப்புக்கு 4, நீலத்துக்கு 5, இளஞ்சிவப்புக்கு 6, கறுப்புக்கு 7. மூன்று சிவப்பு, மூன்று கறுப்பு எடுத்தால் உங்களுக்கு 24. மேசையில் வண்ணப் பந்துகளின் 27 மிச்சம். அப்போது மஞ்சளைத் தவறவிட்டால் 24-க்கு 27 என்று தோற்றீர்கள். மஞ்சள் விழுந்தால் 26-க்கு 25, ஜெயித்தாயிற்று. ஆறு பந்துகளை அழகாகப் போட்டவரின் தலையெழுத்து இரண்டே புள்ளி மதிப்புள்ள மஞ்சளில் தொங்குகிறது! கறுப்பு வசதியாக இல்லை என்று மூன்று முறையும் நீலத்தை எடுத்திருந்தால் கையில் 18 தான். மஞ்சளுக்குப் பிறகும் 20-க்கு 25 என்று பின்தங்கியே இருப்பீர்கள், பச்சையையும் போட்டால்தான் 23-க்கு 22. எந்த வண்ணத்தை எடுப்பது என்ற கேள்வி, பயிற்சியில் முதன்முறையாக உங்களுக்கு உறைக்கும். கடைசி சிவப்பிலிருந்தே மஞ்சளை நோக்கி வெள்ளையை எப்படிக் கொண்டுபோவது என்று மனம் தானாகவே யோசிக்கத் தொடங்கும். கறுப்பை ஆசைப்பட்டு எடுத்துவிட்டு, மேசையின் மறுகோடியில் இருக்கும் மஞ்சளைக் குறுக்காகப் பார்த்து விழிப்பதும் நடக்கும், நடக்கட்டும்.

ஒன்பது ஆட்டம் கொண்ட ஒரு போட்டியாக இதை ஆடுங்கள். முதலில் 9–0 என்று தோற்பீர்கள். ஒருமுறை அவரை வென்றுவிட்டால் அடுத்த நாள் நான்கு சிவப்பு. தொடர்ந்து இரண்டு போட்டிகளில் மூன்று ஆட்டங்கள்கூட வெல்ல முடியாவிட்டால் மறுபடி மூன்றுக்கு இறங்குங்கள். மூன்றுமே எட்டாத தூரம் என்றால் ஒரே சிவப்போடு தொடங்குவதில் வெட்கமில்லை.

பந்தைப் போடுவதே ஆட்டம் என்று நினைப்பவர்கள் தனிப்பயிற்சியில் தொடவே தொடாத ஒன்று, தற்காப்பு அடி. ஒரு சிவப்பைக் கறுப்புப் புள்ளிக்கும் மேல் குஷனுக்கும் நடுவில் வைத்து, மேசையின் கீழ்க்கோடியில் வரைந்த அரைவட்டமான 'டி'யிலிருந்து வெள்ளையை அனுப்பி, சிவப்பை மெல்லியதாக உரசித் திரும்ப வரச் செய்யுங்கள். 'டி' இருக்கும் கோடியிலுள்ள பாக் குஷனை ஒட்டி ஒரு வெள்ளைத்தாளை விரித்து வையுங்கள். தாளின் மேல் நின்றால் இரண்டு, 'டி'யின் நேர்ப்பக்கமாக மேசைக்குக் குறுக்கே ஓடும் பாக் கோட்டுக்குள் நின்றால் ஒன்று, மற்றதெல்லாம் பூஜ்யம். பத்து அடி. கைக்கு எட்டாத பந்துக்குக் கியூவைத் தாங்கும் கோலான ரெஸ்ட்டைக் கொண்டு ஆடுவதையும் இடையிடையே சேர்த்துக்கொள்ளுங்கள். அதைக் கண்டாலே எரிச்சல் வருகிறது என்றால் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எண்களை ஒரு சிறு நோட்டில் எழுதுங்கள். அதிகபட்ச பிரேக்கை எழுத வேண்டாம். அது ஒருநாள் அதிர்ஷ்டத்தில் ஏறி, பிறகு மாதக்கணக்கில் உங்களைக் கேலி செய்யும். கடைசிப் பத்து முறைகளின் சராசரியை எழுதுங்கள். அது மெதுவாக நகரும், ஆனால் பொய் சொல்லாது. மாதம் ஒருமுறையாவது உயிருள்ள எதிராளி ஒருவரோடு ஆடுங்கள். கிளப்பில் உங்களைவிடக் கொஞ்சம் நன்றாக ஆடுபவரிடம் நேரில் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்.

புதிய கியூ வேண்டாம். ஆர்வம் ஒரு வாரம் திரும்பும், பிறகு அந்தக் கியூவோடும் அலுப்புத் தட்டும். இப்போதைய கியூவின் தோல் முனையைப் பாருங்கள்: தட்டையாகி, பளபளத்து, தேய்க்கும் சாக் பொடி ஒட்டாமல் வழுக்குகிறதா? அப்படியானால் ஸ்க்ரூ வராததற்கு உங்கள் கை மட்டும் காரணமல்ல. முனையை மாற்றி, குவிந்த வடிவத்துக்குத் தேய்த்துக்கொள்ளுங்கள். புது முனை படிய நாலைந்து மாலை ஆகும். அதுவரை நோட்டில் எழுதும் எண்களைச் சராசரியில் சேர்க்காதீர்கள்.