97 சதவீதம் ஒத்துப்போனால் புதுச் சிற்றினமா?

கேள்வி: மண்ணிலிருந்து பிரித்த ஒரு பாக்டீரியாவின் 16எஸ் மரபணு (பாக்டீரியாக்களை அடையாளம் காணப் பயன்படும் மரபணு) வரிசையை, பதிவான வரிசைகளோடு ஒப்பிடும் பிளாஸ்ட் கருவியில் போட்டேன். ‘வளர்க்கப்படாத பாக்டீரியா’ என்ற பதிவோடு 97 சதவீதம் ஒத்துப்போகிறது. புதுச் சிற்றினம் என்று அறிவிக்கலாமா?

பதில்: அதற்குள் வேண்டாம். முதலில் எத்தனை டி.என்.ஏ. எழுத்து கையில் இருக்கிறது என்று பாருங்கள். இந்த மரபணு ஏறக்குறைய 1,500 எழுத்து நீளம். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் படித்தால் 700 சொச்சம்தான் தேறும். கடைசிப் பகுதியில் பிழைகள் மண்டிக் கிடக்கும். 700-ல் பத்து எழுத்து தப்பினாலே ஒற்றுமை 1.4 சதவீதம் சரிந்துவிடும். ஏற்கெனவே பெயருள்ள பாக்டீரியாகூடப் புதிதாகத் தெரியும். 27எஃப், 1492ஆர் பிரைமர்களை (படிப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகளை) கொண்டு இரு திசையிலும் படித்துச் சேருங்கள். குரோமட்டோகிராமை, அதாவது ஒவ்வொரு எழுத்தையும் ஒரு சிகரமாகக் காட்டும் வரைபடத்தை, கண்ணால் பார்க்காமல் விடாதீர்கள். நெடுகிலும் ஒரு சிகரத்தின் மேல் இன்னொன்று ஏறி நின்றால், தட்டில் இருப்பது ஒரு பாக்டீரியா அல்ல, இரண்டு. புதுத் தட்டில் திரும்பக் கோடிழுத்துப் பரப்பி, தனிக் காலனி (ஒரே செல்லிலிருந்து பெருகிய திட்டு) எடுப்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஓரிரு இடத்தில் மட்டும் இரட்டைச் சிகரம் இருந்தால் பயம் வேண்டாம். ஒரே செல்லில் இந்த மரபணுவின் பல நகல்கள் இருக்கும், அவற்றுக்குள் சிறு வேறுபாடு இயல்பு.

அடுத்து, எதோடு ஒப்பிட்டீர்கள்? ‘வளர்க்கப்படாத பாக்டீரியா’ என்ற பதிவுக்கு வகைப்பாட்டில் இடமில்லை. ஒப்பீடு டைப் ஸ்ட்ரெயினோடு, அதாவது ஒரு சிற்றினப் பெயருக்கு ஆதாரமாகச் சேமித்து வைக்கப்பட்ட மூலத் திரிபோடு நடக்க வேண்டும். எஸ்பயோகிளவுட் தரவுத்தளத்தில் டைப் ஸ்ட்ரெயின்களோடு மட்டும் ஒப்பிட வழியுண்டு. அங்கே மிக நெருங்கியதோடும் 98.7 சதவீதத்துக்குக் கீழே வந்தால், புதிதாக இருக்க நல்ல வாய்ப்பு.

கேள்வி: நான் பிரித்தெடுத்த பாக்டீரியா ஒரு டைப் ஸ்ட்ரெயினோடு 99.5 சதவீதம் ஒத்துப்போகிறது. கைவிட்டுவிடலாமா?

பதில்: கூடாது. அப்போது பேசில்லஸ் குளோபிஸ்போரஸ், பேசில்லஸ் சைக்ரோஃபிலஸ் எனப்பட்டவை இந்த மரபணுவில் 99.5 சதவீதத்துக்கும் மேல் ஒத்தவை. ஆனாலும் முழு டி.என்.ஏ. ஒப்பீட்டில் தனித்தனிச் சிற்றினங்கள் என்று 1992-லேயே காட்டப்பட்டது. மெதுவாக மாறும் ஒரு மரபணுவுக்கு நெருங்கிய உறவுகளைப் பிரித்துக் காட்டும் சக்தி இல்லை.

தீர்ப்புச் சொல்வது முழு மரபணுத்தொகுதிதான். ஏ.என்.ஐ. எனப்படும் சராசரி ஒற்றுமை 95–96 சதவீதத்துக்குக் கீழும், இரண்டு டி.என்.ஏ.க்கள் எவ்வளவு இணையும் என்று கணினி மதிப்பிடும் டி.என்.ஏ. கலப்பு மதிப்பு 70 சதவீதத்துக்குக் கீழும் இருந்தால் அது வேறு சிற்றினம். வரிசையாக்கத்தில் குறைந்தது 50 மடங்கு ஆழம் வேண்டும், அதாவது ஒவ்வொரு எழுத்தும் சராசரியாக 50 முறை படிக்கப்பட வேண்டும். தொகுத்த பிறகு அதிலிருந்து 16எஸ் மரபணுவை எடுத்து, முன்பு தனியாகப் படித்த வரிசையோடு பொருத்திப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் குழாய் மாறியிருக்கும், அல்லது கலப்படம். இந்தச் சின்னச் சோதனையைச் செய்யாமல் மாதக்கணக்கில் வீணாவது பரிதாபம்.

கேள்வி: எந்த மண்ணைப் போட்டாலும் வேகமாக வளரும் பேசில்லஸ் பாக்டீரியாவே வருகிறது. அரியவை ஏன் வருவதில்லை?

பதில்: சத்து மிகுந்த வளர்ப்பு ஊடகமான நியூட்ரியண்ட் அகாரும் ஒரே நாள் காத்திருப்பும்தான் காரணம். அதில் லிட்டருக்கு 5 கிராம் பெப்டோன் (புரதச் சத்து). வேகமாக வளர்பவை தட்டை நிரப்பிவிடும். சத்து குறைந்த ஆர்2ஏ அகாரில் பெப்டோன் அரை கிராம் மட்டுமே, அதைப் பயன்படுத்துங்கள். 10 கிராம் மண்ணை 90 மி.லி. 0.85 சதவீத உப்புநீரில் நன்றாகக் குலுக்கி, பத்து மடங்கு பத்து மடங்காக நீர்த்து, பத்தாயிரத்தில் ஒரு பங்கிலிருந்து பத்து லட்சத்தில் ஒரு பங்கு வரை 0.1 மி.லி. பரப்புங்கள். 25–28 டிகிரியில், தட்டு காயாதபடி மூடி, நான்கு வாரம் வரை வையுங்கள். முதல் வாரத்தில் வந்த காலனிகளின் இடத்தைத் தட்டின் அடியில் பேனாவால் குறித்துவிட்டு, பிறகு முளைப்பவற்றை மட்டும் எடுங்கள். குண்டூசித் தலையைவிடச் சிறிய, நிறமற்ற காலனிகளைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள்.

இன்னொன்று: ஊடகத்தின் பாஸ்பேட்டையும் அகாரையும் சேர்த்து ஆட்டோகிளேவ் செய்தால் (அழுத்த நீராவியில் கிருமிநீக்கினால்) ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகி, மென்மையான பாக்டீரியாக்களை முளைக்கவிடாமல் தடுக்கும். தனித்தனியாக ஆட்டோகிளேவ் செய்து, ஊற்றுமுன் கலந்தால் காலனி எண்ணிக்கை கூடும்.

கேள்வி: புதுச் சிற்றினத்தை விவரிக்கும்போது, நெருங்கிய சிற்றினங்களின் செல் கொழுப்பு அமில விவரத்தைப் பழைய கட்டுரையிலிருந்து எடுத்து ஒப்பிடலாமா?

பதில்: கூடாது. வெப்பநிலை, ஊடகம், வளர்ச்சி நிலை எது மாறினாலும் கொழுப்பு அமில விகிதம் மாறும். நெருங்கிய டைப் ஸ்ட்ரெயின்களை வரவழைத்து, உங்கள் திரிபோடு ஒரே ஊடகத்தில், ஒரே வெப்பநிலையில் வளர்த்து, ஒரே கட்டத்தில் செல்களை எடுங்கள். செல் சவ்வில் உள்ள குயினோன் வகையும் துருவ லிப்பிடுகளும் பேரினத்தை உறுதிசெய்ய உதவும்.

கேள்வி: பெயர் எப்போது செல்லுபடியாகும்?

பதில்: வெவ்வேறு நாடுகளில் உள்ள இரண்டு பொதுச் சேமிப்பகங்களிலாவது திரிபை ஒப்படைத்து, யார் கேட்டாலும் கிடைக்கும் என்ற சான்று பெற வேண்டும். ஜெர்மனியின் டி.எஸ்.எம்.இசட், ஜப்பானின் ஜே.சி.எம். போன்றவை இதற்குப் பழகியவை. வாரங்கள் பிடிக்கும்; கட்டுரை எழுதத் தொடங்கும்போதே அனுப்பிவிடுங்கள். பிறகு விவரணை, பாக்டீரியா வகைப்பாட்டுக்கான ‘ஐ.ஜே.எஸ்.இ.எம்.’ இதழில் வெளியாக வேண்டும். வேறு இதழில் வந்தால் ஐ.ஜே.எஸ்.இ.எம். வெளியிடும் அங்கீகாரப் பட்டியலில் ஏற வேண்டும். வளர்க்கவே முடியாதவற்றுக்கு, மரபணுத்தொகுதியையே ஆதாரமாக ஏற்கும் ‘சீக்கோடு’ என்ற தனி விதித்தொகுப்பு 2022-ல் வந்திருக்கிறது.