தறிவீட்டுப் பத்திரத்தை உள்ளே வையுங்கள் அண்ணா

அண்ணா, போன சனிக்கிழமை குடியாத்தத்திலிருந்து நீங்கள், அண்ணி, பாப்பா, உங்கள் மச்சான் நாலு பேரும் வந்திருந்தீர்கள். மச்சான்தான் பேசினார். சென்னையில் தனியார் காலேஜ், கம்ப்யூட்டர் சயின்ஸ், மேனேஜ்மென்ட் கோட்டா, மொத்தம் 10 லட்சம். "சொந்தத்துல எல்லாப் பசங்களும் இன்ஜினியர், நம்ம பொண்ணு மட்டும் ஏன் குறையணும்" என்றார். அடகு வைக்கத் தறிவீட்டுப் பத்திரம் உங்கள் பையில் இருந்தது. அன்றைக்கு "யோசிச்சுப் பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. வேண்டாம் அண்ணா.

10 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 10 வருடத் தவணை என்றால் மாதம் 13,215 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கிற நாலு வருடத்து வட்டி தனியாக ஏறும். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தவணை நிற்காது. லுங்கி நெய்து மாதாமாதம் அதைக் கட்ட முடியுமா என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். பாப்பா ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. இன்ஜினியரிங்தான் என்றால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் கவுன்சிலிங் வழியாகப் போகலாம், கட்டணத்தை அரசே கட்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு அந்தச் சலுகை கிடையாது. இதை மச்சான் உங்களிடம் சொல்லவே இல்லை.

ஆனால் அவளுக்கு இன்ஜினியரிங்கில் மனசு இல்லை. நீங்கள் டீ குடிக்கப் போனபோது போனில் ஒன்று காட்டினாள். ஒரு வலைப்பக்கம். அதில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலுக்கு மூன்று நிறம், குறுக்கே ஓடும் ஊடைக்கு மூன்று நிறம் தேர்ந்தெடுத்து, எத்தனை இழை என்று எண்ணைப் போட்டால் லுங்கிக் கட்டம் அப்படியே திரையில் விழுகிறது. எண்ணை மாற்றினால் கட்டம் மாறுகிறது. நீங்கள் அதை 'போன்ல கேம்' என்று திட்டியிருக்கிறீர்களாம். உங்கள் தறியில் பார்த்ததைத்தான் அண்ணா அவள் கணக்காக எழுதியிருக்கிறாள்.

வலைப்பக்கத்தை எழுதும் மொழியான எச்.டி.எம்.எல்லில் 'கேன்வாஸ்' என்று ஒரு டேக், அதாவது ஒரு குறி, இருக்கிறது. இத்தனை அகலம், இத்தனை உயரம் என்று சொன்னால் எழுத்துகளுக்கு நடுவே ஒரு வெற்றுப் பலகையை ஒதுக்கித் தரும். 'ஸ்கிரிப்ட்' டேக்குக்குள் எழுதும் நிரல் அந்தப் பலகையில் வரையும், விரல் பட்டால் பதில் சொல்லும். அவள் செய்ததை ஆரணியில் ஒரு ஆசிரியர் தன் வலைப்பக்கத்தில் பாடமாக வைக்க விரும்பினால், வேறொரு பக்கத்தை உள்ளே காட்டும் 'ஐஃப்ரேம்' டேக்கில் ஒரே வரி போதும். அதோடு 'சாண்ட்பாக்ஸ்' என்று சேர்த்து, நிரல் ஓட மட்டும் 'அலவ்-ஸ்கிரிப்ட்ஸ்' என்று அனுமதி கொடுத்துவிட்டால், உள்ளே வந்த நிரல் அந்தக் கட்டத்தைத் தாண்டி ஆசிரியரின் பக்கத்தில் எதையும் தொட முடியாது.

வலைப்பக்கத்துக்குள் ஓடும் பாடம் செய்கிற இந்த வேலை புதிதல்ல. 1995இல் ஜாவா என்ற நிரல் மொழி வந்ததுமே 'ஆப்லெட்' டேக் போட்டு ஊசல், லென்ஸ், மின்சுற்று என்று பாடங்களைப் பக்கத்துக்குள் ஓட்டினார்கள். அது ஓட பிரவுசருக்குத் தனியாக நிறுவும் ஒரு துணை மென்பொருள், அதாவது பிளக்‌இன் வேண்டும். அந்த பிளக்‌இன்னில் பாதுகாப்பு ஓட்டைகள் ஏராளம், செல்போனிலோ அது ஓடவே ஓடாது. 2015இல் குரோம் பிரவுசர் அதைக் கைவிட்டது, 2017இல் ஃபயர்ஃபாக்ஸ். அதே வழியில் ஓடிய ஃபிளாஷ் என்ற இன்னொரு மென்பொருளும் 2020 கடைசியில் முடிந்தது. நன்றாக எழுதிய எத்தனையோ பாடங்கள் திறக்க வழியில்லாமல் கிடக்கின்றன. நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் (PhET) என்ற இணைய அறிவியல் செய்முறைத் திட்டம்கூட ஜாவாவிலும் ஃபிளாஷிலும் இருந்த தன் செய்முறைகளை எச்.டி.எம்.எல்5இல் திரும்ப எழுத வேண்டியிருந்தது. டேக் மாறும். ஊசலின் நீளத்தை நாலு மடங்காக்கினால் அலைவு நேரம் இரண்டு மடங்காகும் என்பது மாறாது. அதனால்தான் அவள் முதலில் கணக்கைப் படிக்கட்டும் என்கிறேன்.

உங்கள் ஊரிலேயே அரசு திருமகள் ஆலைக் கல்லூரி இருக்கிறது. பி.எஸ்சி. கணிதம் சேர்த்துவிடுங்கள். கட்டணம் உங்கள் கைக்கு அடங்கும், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழும். மாலையில், 'ஸ்கிரிப்ட்' டேக்குக்குள் எழுதும் மொழியான ஜாவாஸ்கிரிப்ட் பழகட்டும்; பழைய ஜாவா வேறு, இது வேறு. கற்க ஃபீஸ் கட்ட வேண்டாம், ஒரு பழைய லேப்டாப் போதும். மூன்று வருடத்தில் இருபது பாடங்கள் செய்துவிட்டால், இணையப் பாடம் தயாரிக்கும் நிறுவனங்களிடமும் பதிப்பகங்களிடமும் மார்க் ஷீட்டோடு அதையும் காட்டலாம். தமிழில் விளக்கம் எழுதத் தெரிந்து, கணக்கும் நிரலும் சேர்ந்து தெரிந்த ஆட்கள் குறைவு. ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் கடன் இருக்காது. ஆசிரியர் வேலைதான் என்று பின்னால் மனம் மாறினாலும் பி.எட். போக வழி திறந்தே இருக்கும்.

மச்சானுக்கு மரியாதை கொடுங்கள், முடிவைக் கொடுக்காதீர்கள். தவணை கட்டப்போவது அவர் இல்லை.

வருகிற சனிக்கிழமை பாப்பாவை மட்டும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அதற்குள் நீங்கள் இப்போது நெய்கிற கட்டத்தின் இழைக் கணக்கை அவளிடம் சொல்லிவிடுங்கள். போன வாரம் அவள் போட்ட எண்களில் கரை சரியாக வரவில்லை, "நைனாகிட்ட கேக்கணும்" என்றாள்.