வயதான கலைஞர் ஒருவரைப் பற்றிச் சொந்தச் செலவில் ஆவணப்படம் எடுக்க ஆசை. எதில் தொடங்குவது?

மைக்கில் தொடங்குங்கள், கேமரா பிறகு. செய்யாறு பக்கத்தில் எழுபதைத் தாண்டிய தெருக்கூத்து வாத்தியார் ஒருவரைப் படமாக்கியவன் என்ற முறையில் சொல்கிறேன். நிதி வரட்டும், நல்ல கேமரா கிடைக்கட்டும் என்று தள்ளிப்போட்டால் முதலில் போவது குரல்தான். சிறுவயதில் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் ஆட்டத்தைப் பார்த்த சத்யஜித் ராய்க்கே 1976இல்தான் அவரைப் படமெடுக்க வாய்த்தது. அப்போது அந்த அம்மையாருக்கு வயது 58.

முதல் பேட்டியில் பெரியவர்கள் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிப் பழகியதையே சொல்வார்கள்: கலை அழிகிறது, யாரும் மதிப்பதில்லை, உதவித்தொகை போதவில்லை. அத்தனையும் உண்மை. ஆனால் அதை வைத்துப் படம் நகராது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, கேள்விகளை மூட்டை கட்டுங்கள். அவர் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். எங்கள் வாத்தியாரிடம் கூத்து அணிகள் இருக்கும் கட்டைப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம், எல்லாம் கனமில்லாத மரத்தில் செதுக்கியவை. உதிர்ந்திருந்த கண்ணாடிச் சில்லு ஒன்றைக் கிரீடத்தில் ஒட்டிக்கொண்டே, கர்ண மோட்சக் கூத்தில் கர்ணன் மனைவி பொன்னுருவி பாட்டைத் தன் ஆசான் எப்படி எடுப்பார் என்று பாடத் தொடங்கிவிட்டார். நடுவில் பசை காய்கிறதா என்று ஊதிப் பார்த்தார்; பாட்டு நிற்கவில்லை. படத்தின் உயிரே அந்தக் காட்சிதான். நானாகப் பாடச் சொல்லியிருந்தால் கச்சேரி மாதிரி விறைத்துக்கொண்டு பாடியிருப்பார்.

காலத்தையும் பாருங்கள். பங்குனி முதல் ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம், அதாவது மகாபாரதக் கதைத் திருவிழா, நடக்கும். விடிய விடிய ஆடிவிட்டுப் பகலில் தூங்குகிறவரை எழுப்பிப் பேட்டி எடுப்பது பாவம். அந்த மாதங்களில் கூத்தை மட்டும் பதிவு செய்யுங்கள், பேச்சை மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒலி அளவை யாரோ பேசும்போது சரிபார்க்காதீர்கள். சின்ன நாயனம் போன்ற முகவீணை வாசிக்கும்போது பாருங்கள், அதன் கீச்சுக்குரல் எந்த மைக்கையும் திணறடிக்கும். டியூப்லைட் வெளிச்சத்தில் கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 நொடியில் வைத்தால் படத்தில் பட்டைகள் ஓடாது.

பணம்: கேமராவுக்காக ஆடச் சொன்னால் ஒரு இரவுக்கு அவர்கள் வாங்கும் கூலியைக் குழு முழுவதற்கும் கொடுத்துவிடுங்கள். எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துகிறவருக்கும் உரிமை உண்டு. அவர் வீட்டுப் பிள்ளைகள் யாராவது படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும் என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படத்தொகுப்பை முடிப்பதற்கு முன் குழுவினருக்குப் போட்டுக்காட்டுங்கள். எங்கள் படத்தில் மத்தளக்காரர் ஓரிடத்தில் தாளம் தப்பியதை வாத்தியார் உடனே பிடித்து, அந்தத் துண்டை எடுத்துவிடச் சொன்னார். பார்க்க மிக அழகான ஷாட். எடுத்துவிட்டோம், எடிட்டருக்கு இன்னும் அந்த வருத்தம் இருக்கிறது.